பொற்கொடி எண்ணிய சைக்கிள்கள்

எங்கள் கொன்றைச் சாலையில் அறுபத்திரண்டு குவார்ட்டர்ஸ். அத்தனை வீட்டுக் குப்பையையும் பதினேழு வருஷமாக எடுப்பவர் பொற்கொடி. அதற்குள் கான்ட்ராக்டர் நான்கு முறை மாறிவிட்டார். ஒவ்வொரு தடவையும் பொற்கொடியின் மேல்கோட்டுக்குப் புது நிறம் வந்தது. துடைப்பம் அதே துடைப்பம்தான். நானும் மாறவில்லை. பதினேழு வருஷமும் அவரை "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குப் பொற்கொடி என்று ஒரு பெயர் உண்டு என்பது போன ஜனவரியில்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் அவர் கை உடைந்த பிறகு. என்னைப் பற்றி அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். இன்னும் இருக்கிறது.

என் பெயர் ஜெயகணேஷ். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். இங்கே ஓர் அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறேன், இருபத்திரண்டு வருஷமாக, ஜெனரல் ஷிஃப்ட்டில். நெய்வேலியில் மனிதர்கள் இரண்டு வகை. ஷிஃப்ட்டில் போகிறவர்கள், ஜெனரலில் போகிறவர்கள். ஷிஃப்ட்காரர்களுக்கு எந்த நேரமும் காலைதான். ஜெனரல்காரர்களோ, சூரியன் காலை எட்டு மணிக்குத் தங்களைப் பார்க்கவே எழுந்திருக்கிறது என்று மனசார நம்புகிறவர்கள். எங்கள் தெருவுக்கு வந்த எல்லா வினையும் இந்த நம்பிக்கையால் வந்தது.

பொற்கொடியின் ஊர் நகரியத்துக்கு வெளியே ஐந்து கிலோமீட்டர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். சொந்தமாக ஒரு காணி நிலம்கூட இல்லாததால், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் பட்டியலில் அந்தக் குடும்பம் எந்தக் காலத்திலும் இல்லை. பத்தாவது வரை படித்தார், கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள், கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தார். சைக்கிள் கற்றுக்கொண்டது முப்பத்தாறு வயதில். மகள் தமிழ்மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கச் சைக்கிள் கொடுத்தார்கள். மகள் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் தோழிகள் இருக்கிறார்கள் என்று அதைக் கழற்றிவிட்டாள். அம்மா அதை எடுத்து, ஊருக்கு வெளியே மணிலாக் கடலை காய வைக்கும் களத்தில் நான்கு நாள் விழுந்து எழுந்து பழகிக்கொண்டார். "அஞ்சாம் நாளு நேரா வேலைக்கு வந்துட்டேன் சார், திரும்பறதுக்கு மட்டும் தெரியாது, எறங்கித் திருப்பிக்குவேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

காலை ஆறு மணிக்கு அவர் வருகைப் பதிவில் முகம் காட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு அவர் ஊரிலிருந்து பஸ் கிடையாது. எனவே ஐந்து மணிக்குக் கிளம்பி, ஐந்தே முக்காலுக்குக் கொன்றைச் சாலையில் நுழைவார். அதே ஆறு மணிக்குத்தான் மைன்ஸில் முதல் ஷிஃப்ட்டும் தொடங்குகிறது. எங்கள் சாலையோ ஒரு கிலோமீட்டர், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். ஒரு வளைவு இல்லை, ஒரு மேடு இல்லை. ஐந்தே முக்காலுக்கு அதில் டூ வீலர் ஓட்டுகிற பெர்மனன்ட் ஊழியன் எவனும் எம்.ஏ. படித்தவனாக இருந்தாலும் சரி, சபரிமலைக்கு மாலை போட்டவனாக இருந்தாலும் சரி, ஆறு மணிக்குப் பஞ்ச் அடிக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு எந்த நினைப்பும் இல்லாத ஜீவன்.

போகிக்கு முந்தின நாள் பனி கொட்டியது. அந்தப் பனியில் ஒரு பைக் பொற்கொடியின் ஹாண்டில்பாரைத் தட்டியது. அவர் வலது கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு போயிற்று. பைக் ஓட்டியவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், போய்விட்டான். சூப்பர்வைசர் வந்தார். வேலைக்கு வரும் வழியில் என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும், வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொள்வோம், கட்டுப் பிரிக்கும் வரை உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துத் தருகிறேன் என்றார். ஆறு வாரம் வீட்டில் இருந்தால் தன் இடத்தில் வேறு ஒருத்தி வந்து நின்றுவிடுவாள் என்று பொற்கொடிக்குத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டார்.

உட்கார்ந்து செய்கிற வேலை எங்கள் தெருவிலேயே ஒன்று தயாராக இருந்தது. அதைத் தயார் செய்தவர் முதன்மை மேலாளர் சிங்காரவேலு சார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது, நெதர்லாந்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு மூன்று வாரம் போய்வந்தார். மற்றவர்கள் வெளிநாடு போனால் சாக்லேட் வாங்கி வருவார்கள். இவர் ஒரு கொள்கையை வாங்கி வந்தார். வந்த வாரமே கியர் சைக்கிள், தலைக்கு ஹெல்மெட், பார்க்கிறவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு இறுக்கமான ஒரு கால்சட்டை. அடுத்த வாரம் 'கொன்றைச் சாலை சைக்கிள் பாதைக் குழு'. சைக்கிளுக்குத் தனிப் பாதை, வண்டிகளின் வேகத்தைக் குறைக்க மூன்று இடத்தில் மேடு. சிவில் பிரிவுக்குக் குடியிருப்போரின் பரிந்துரை போனால் வேலை நடக்கும். நான் குழுவின் எழுத்தர். நானாக ஆகவில்லை, அவர் என் மேலதிகாரியின் மேலதிகாரி.

பரிந்துரைக்கு ஒரு கணக்கெடுப்பு தேவை. சாலையில் எத்தனை சைக்கிள், எத்தனை டூ வீலர், எத்தனை கார் என்று மூன்று நாள் எண்ண வேண்டும். படிவத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். 'நேரம்: காலை 10 முதல் மாலை 5 வரை' என்று எழுதியதும் இந்தக் கைதான். இருபத்து நான்கு மணி நேரமும் இயந்திரம் ஓடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நாள் என்பது பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது என்று ஒருவன் எழுதுகிறான், ஏழு பேர் கொண்ட குழு அதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஏழு பேரும் ஜெனரல் ஷிஃப்ட்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்து, இடது கையால் கோடு போட்டபடி பொற்கொடி. படிவத்தில் 'எண்ணியவர் பெயர்' என்ற இடத்தில் அவர் எழுதியதைப் பார்த்துத்தான் எனக்குப் பெயர் தெரிந்தது. முதல் நாள் மத்தியானம், சாப்பிட வீட்டுக்கு வந்த என்னைக் கூப்பிட்டார்.

"சார், அந்த ஐயா பதினொரு வாட்டி போய்கினும் வந்துகினும் இருக்காரு. ஒண்ணு போடவா, பதினொண்ணும் போடவா?"

சிங்காரவேலு சார் விடுப்பு எடுத்துக்கொண்டு தன் கணக்கைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணும் போட்டுருங்க. பெரிய ஆபீசர்."

"மாடு போவுதே சார், அதுக்கு எங்க போடறது?"

"மற்றவைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல."

மூன்று நாளில் சைக்கிள் ஐம்பத்தெட்டு. அதில் முப்பத்தொன்று சிங்காரவேலு சார். மாடு நாற்பத்தாறு. கீரைக்காரரும் தபால்காரரும் இல்லாவிட்டால் மாடு ஜெயித்திருக்கும்.

இதை வைத்துக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. இங்கே யாரும் வேலைக்காகச் சைக்கிள் ஓட்டுவதில்லை, உடற்பயிற்சிக்காக ஓட்டினால் உண்டு. எனவே சாலையின் ஒரு பக்கம் முழுக்கக் கல் கட்டிப் பாதை பிரித்துவிடலாம். டூ வீலரும் மாடும் நுழையாமல் இரண்டு முனையிலும் சங்கிலி, பூட்டு. மாலை ஐந்து முதல் எட்டு வரை திறந்துவிட்டால் போதும். வேகத்தைக் குறைக்கும் மேடு வேண்டாம், ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் ஆட்சேபிக்கிறார்கள், தவிர இந்தச் சாலையில் விபத்து என்று பதிவே இல்லை. வரைபடம் அறிவிப்புப் பலகையில் ஏறியது. பாதை எங்கே வரும் என்று தெரிய, சாலையில் சுண்ணாம்புக் கோடும் போட்டார்கள்.

மறுநாள் நான் ஆபீஸ் கிளம்பும்போது, பொற்கொடி இடது கையில் துடைப்பத்தைப் பிடித்து, சாலை ஓரத்திலிருந்து சுண்ணாம்புக் கோடு வரை படுக்கப் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"இந்தக் கோட்டுக்கு அந்தாண்ட பூட்டு. இந்தாண்ட வண்டிங்க. காலையில நாங்க எங்க சார் போறது?"

"காலையில சைக்கிளே வரலியேம்மா. நீங்கதானே எண்ணுனீங்க?"

"பத்து மணிக்கு மேல எண்ணச் சொன்னீங்க, எண்ணுனேன். அஞ்சே முக்காலுக்கு எண்ணச் சொல்லலியே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நா சேர்ல உக்காந்து கோடு போடற ஆளு சார். எப்ப எண்ணணும்னு நா சொன்னா கேட்டுகினு இருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சொன்னார். கை உடைந்தது வீட்டில் இல்லை, இதே சாலையில். தட்டியது முப்பத்து நாலாம் நம்பர் வீட்டு ராஜ்மோகன். தினமும் அந்த வீட்டு வாசலைப் பெருக்குகிறவருக்கு அந்த வண்டியைத் தெரியாதா. ராஜ்மோகன் மைன்ஸில் மெஷின் ஆபரேட்டர், முப்பது வயது, மற்ற நேரத்தில் எதிரே வந்தால் வழிவிட்டு நிற்கிற பையன்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. பெர்மனன்ட் ஆளு மேல சொன்னேன்னு ஆனா, எனக்குத்தான் வேலை போவும். ஆனா இதையும் கேட்டுக்குங்க சார். மூணு வாரத்துல கட்டுப் பிரிப்பாங்க. இந்தப் பூட்டு வந்துட்டா நா சைக்கிள எடுக்க மாட்டேன். இருக்கிற ரோட்லயே உயிரக் கையில புடிச்சிகினு வர்றோம், பாதி ரோட்ல எப்படி வர்றது? சைக்கிள் இல்லன்னா ஆறு மணிக்கு வர முடியாது. வரலன்னா அன்னியோட சரி."

என்ன செய்வது என்று தெரியாமல், ஓர் எழுத்தருக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்தேன். பையிலிருந்து ஆறு வெற்றுப் படிவங்களை எடுத்துக் கொடுத்தேன். நேரம் போட வேண்டிய இடத்தில் என் எழுத்தை அடித்துவிட்டுக் கொடுத்தேன்.

கை உடைந்ததிலிருந்து அவர் வருவது தோழி தனத்தின் சைக்கிள் கேரியரில். அடுத்த திங்கள் முதல் அரை மணி முன்னதாகவே வந்தார். தனம் அடுத்த தெருவைப் பெருக்குகிறவர். சாலை முனையில் விளக்குக் கம்பத்தடியில் நின்று, ஐந்தேகாலிலிருந்து ஆறு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும் வரை பொற்கொடி கோடு போட்டார். நான்காம் நாள் நானும் அலாரம் வைத்து எழுந்தேன். என் மனைவி பார்வதி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பதறிப்போனாள்.

கேட் அருகில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷம் குடியிருக்கிற தெருவை முதல் தடவையாகப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. கேன்டீனில் இட்லிக்கு மாவு ஊற்றப் போகிற பெண்கள், தோட்ட வேலைக்காரர்கள், பாய்லர் துடைக்கிறவர்கள், ஹாண்டிலில் தூக்குவாளி, மேல்கோட்டுகள். ஒருவர் பின் ஒருவராகச் சாலையின் ஓரத்தை ஒட்டி, வாயைத் திறக்காமல் வந்தார்கள். பின்னால் ஹாரன். பைக்குகள் அவர்களை உரசிக்கொண்டு பறந்தன. ஹாரன் சத்தம் கேட்டதும் சில பெண்கள் இறங்கி, சைக்கிளை மண்ணில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆறு மணிக்குச் சாலை காலி. எட்டு மணிக்கு நான் வழக்கமாக எழுந்து பார்க்கும் அமைதியான, மரங்கள் அடர்ந்த, குடியிருக்க ஏற்ற தெரு. எனக்கு வெட்கமாக இருந்தது. டீ குடிக்கக்கூடத் தோன்றவில்லை.

சனிக்கிழமை படிவங்கள் என் கைக்கு வந்தன. ஒரு நாளைக்குச் சராசரியாகச் சைக்கிள் நூற்றுத் தொண்ணூறு, அதில் பெண்கள் எழுபத்து மூன்று. 'மற்றவை' என்று நான் அச்சடித்த இடத்தை அவர் அடித்துவிட்டு, தன் கையெழுத்தில் வேறு தலைப்புக் கொடுத்திருந்தார்: 'பயந்துகினு எறங்கித் தள்ளிகினு போனவங்க'. அதன் கீழே இருபத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாலை, மன்றக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். வாசலில் வருகைப் பதிவேடு. பெயர், குவார்ட்டர்ஸ் எண், கையெழுத்து. எண் இருந்தால்தான் பேசலாம், இல்லாதவர்கள் பார்வையாளர். அதுவும் நான் தட்டச்சு செய்த விதிதான். பொற்கொடி பதினோரு பெண்களோடு வந்தார். எல்லோரும் நல்ல புடவை. பேனாவை இடது கையில் வாங்கி, குவார்ட்டர்ஸ் எண் என்ற இடத்தில் நிதானமாக எழுதினார்: '1 முதல் 62 வரை'. பின்னால் வந்த தனம் அதைப் பார்த்துவிட்டு, தன் தெருவின் எண்களைப் போட்டார். கேன்டீன் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். 'மேற்படி' என்று எழுதச் சொன்னேன்.

சிங்காரவேலு சார் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னய்யா இது?"

"எண் இருக்கு சார். எல்லாம் நம்ம தெரு எண்தான்" என்றேன். இருபத்திரண்டு வருஷச் சர்வீஸில் நான் ஒரு மேலதிகாரிக்கு எதிர்ப்பேச்சு பேசியது அதுதான்.

நான் படிவங்களை வாசித்தேன். நூற்றுத் தொண்ணூறு என்றதும் ஒரு சலசலப்பு. ராஜ்மோகன் எழுந்தார்.

"சைக்கிள் வருது சார், இல்லேங்கல. அதுக்காக மூணு மேடு போட்டா, பஞ்ச் லேட்டாகும். அரை நாள் போகும், யார் தர்றது? இந்த ரோட்ல இதுவரைக்கும் ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. ரெக்கார்டப் பாருங்க."

கூடத்தில் பாதித் தலைகள் ஆடின. ரெக்கார்டு என் கையில்தான் இருந்தது. விபத்து: இல்லை. நான் பொற்கொடியைப் பார்த்தேன். அவர் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பூட்டு வரும், அப்போதும் வேலை போகும். மாவுக்கட்டுக் கையை இடது கையால் தாங்கியபடி எழுந்தார்.

"நா வூட்ல வழுக்கி வுழுந்தேன்னு எழுதியிருக்குதுங்க. அத மாத்தி எழுதுங்க சார். போகிக்கு மொத நாளு, காலையில அஞ்சு அம்பது, இந்த ரோட்ல, இருபதாம் நம்பர் வூட்டாண்ட. பைக் தட்டிச்சு."

"யாரும்மா தட்டினது?" என்றார் சிங்காரவேலு சார்.

ராஜ்மோகனின் முகம் பேயறைந்தது போல ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அவர் முகம் மட்டுமல்ல. முதல் ஷிஃப்ட் போகிற அத்தனை ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு காலையில் எவரையோ உரசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன ஞாபகம் ஒவ்வொருவருக்கும் இருந்திருக்கிறது.

"ஆளக் கேக்காதீங்க" என்றார் பொற்கொடி. "அவரு வூட்டுக் குப்பையும் நாந்தான் எடுக்கறேன். அறுபத்திரண்டு வூட்டுக் குப்பையிலயும் என்னென்னா கெடக்குதுன்னு எனக்குத் தெரியுங்க. பதினேழு வருஷத்துல ஒரு வூட்டு சமாச்சாரத்த இன்னொரு வூட்ல சொல்லியிருக்கேனா?"

மிரட்டும் எண்ணம் அவருக்கு இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் கூடத்தில் பல நாற்காலிகள் நெளிந்தன. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் வீட்டில் ஜாங்கிரிப் பெட்டி, மதுவிலக்குப் பேசுகிறவர் வீட்டில் பாட்டில், என் வீட்டில் ஆபீஸ் காகிதத்தில் மடித்த தலைமுடிச் சாயப் பாக்கெட். அத்தனை பேரும் அந்த நிமிஷம் எங்கள் குப்பைத் தொட்டிக்குள் இருந்தோம்.

நான் பேனாவை எடுத்து 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'ஒன்று' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டேன். நிமிர்ந்தால் தனம் நின்றுகொண்டிருந்தார்.

"என்னையும் போட்டுக்குங்க சார். ஆடி மாசம், முட்டி. எழுதிக்கல அப்ப."

அவருக்குப் பின்னால் ஒரு கேன்டீன் அக்கா. அவருக்குப் பின்னால் இன்னொருவர். எழுத இடம் போதாமல் தாளைத் திருப்பினேன். எல்லாம் முடிந்தபோது விபத்து ஒன்பது.

சிங்காரவேலு சார் வரைபடத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனிதர் கர்வி, ஆனால் கெட்டவர் இல்லை. "என் பையன் ஊர்லயும் பூட்டெல்லாம் கிடையாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். சங்கிலியை அடித்தார். மூன்று மேடுகளையும் திரும்ப வரைந்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை.

பாதை கட்டி முடிய ஜூலை ஆயிற்று. அதுவரை பொற்கொடிக்குத் தனத்தின் கேரியர்தான். வேலை போகவில்லை. ஒன்பது பேரின் பெயர் ஒரே தாளில் இருந்ததால் யாரைத் தனியாகக் கூப்பிட்டு விரட்டுவது என்று சூப்பர்வைசருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. பாதை திறந்த முதல் காலை நானும் கேட்டில் நின்றேன். பைக்குகள் மேட்டுக்கு மேடு முனகிக்கொண்டு ஏறி இறங்கின. கல்லுக்கு அந்தப் பக்கம் பெண்கள் இரண்டிரண்டு பேராக, சத்தமாக நாத்தனாரைத் திட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார்கள். பொற்கொடி மகளின் சைக்கிளில் வந்தார், மெதுவாக, மணிக்கட்டை வளைக்காமல்.

இரண்டாவது மேட்டருகில், எங்கள் வீட்டு எதிரே, ராஜ்மோகன் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். பொற்கொடியும் காலை ஊன்றி நின்றார்.

"அக்கா, நான்தான்க்கா அன்னைக்கு."

"தெரியுந்தம்பி."

"தெரியுமா? அப்புறம் ஏன்க்கா கூட்டத்துல எம் பேரச் சொல்லல?"

"உங்க பேரச் சொல்லியிருந்தா நீங்க ஒருத்தருதான் மெதுவா போவீங்க. சொல்லாததால எல்லாரும் மெதுவா போறாங்க. கெளம்புங்க, ஆறு ஆவப் போவுது" என்று சொல்லிவிட்டு, பொற்கொடி பெடலை மிதித்தார்.